ஏரியோரம் இன்னும் குளிராக இருக்கும்

ஏப்ரல் 20, ஞாயிறு

ஷார்ஜாவில் வெயில் தொடங்கிவிட்டது. குளிர்ந்த தண்ணீர்ப் பைப்பைத் திறந்தால் தேநீருக்கு வைத்த தண்ணீர் மாதிரி வருகிறது. இனி அக்டோபர் வரைக்கும் இந்த வீட்டில் குளிர்ச்சியாக இருக்கப்போவது என் முகம் ஒன்றுதான்.

அதற்கும் காரணம் வந்துவிட்டது. காலையில் இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவில் மகள் ஆரபி சொன்னாள்: "அம்மா, நான் ஒராளை லைக் பண்ணுறன். கனடாவிலை படிக்கேக்கை பழக்கம். பேர் ரஜிதன்."

என் மனுசன் மகேசன் தலை நிமிராமல் இடியப்பத்தை அவசர அவசரமாக விழுங்கினார். சரி, அப்பனுக்கு முதலே தெரியும். உண்மையை விழுங்கும்போது சாப்பாட்டையும் சேர்த்து விழுங்குவது அவருடைய வழக்கம்.

"பெடியன் என்ன செய்யிறார்?"

"வெதர், அம்மா."

"அதெண்டா?"

"ஏரிக்கரையிலை ஒரு சின்ன ஊர். அங்கை ரேடியோவிலை காலமை வெதர் சொல்லுறவர். அதுக்குத்தான் படிச்சவர்."

எங்கள் சொந்தத்தில் டொக்டர் இருக்கிறார். எஞ்சினியர் இருக்கிறார். அக்கவுண்டன்ட் தடுக்கி விழுந்தால் ஒருவர். வேலையே இல்லாமல் நாற்பது வருடம் கௌரவமாக வாழ்ந்தவர்கூட ஒருவர் இருக்கிறார். மழை வரும், வராது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையும் தீரப்போகிறது.

"அடுத்த ஞாயிறு அவற்றை அம்மா அப்பா ஃபோன் எடுப்பினம். ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் இல்லை. இழுக்காதேங்கோ, ப்ளீஸ்."

ஒரு கிழமை. ஒரு தலையணை வாங்கவே எனக்கு அதைவிடக் கூட நாள் வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

இங்கே பிற்பகல் மூன்று மணி, அங்கே காலை ஏழு. லொறி உதிரிப்பாகங்கள் விற்கிற எங்கள் ஆபிஸில் அது தேத்தண்ணி நேரம். வெளியே தொழில்பேட்டை கொதிக்கிறது. உள்ளே மனேஜர் ஏசியை மீன் விறைக்க வைக்கிற அளவுக்கு வைத்திருக்கிறார். நான் ஸ்வெட்டரும் காலுறையுமாக உட்கார்ந்து, ஃபோனில் அந்த ஊர் ரேடியோவைப் பிடித்து, இயர்போனைச் சொருகி, என் வருங்கால மருமகனின் குரலை முதல்முறையாகக் கேட்டேன். (மருமகன் என்று எழுதிவிட்டேனே. வெட்டவில்லை. பேனாவுக்கு அறிவில்லை என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.)

"இந்த வாரப் பார்வை" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். வாரத்தைப் பார்க்கிறாராம்! திங்கள் மதியத்துக்குப் பின் மழை. செவ்வாய் வடமேற்குக் காற்று. புதன் வெயில், பன்னிரண்டு டிகிரி, ஆனால் ஏரியோரம் இன்னும் குளிராக இருக்கும், நான்கு. வியாழன் மூடுபனி. வெள்ளி இரவு உறைபனி, பூக்கன்றுகளை மூடி வையுங்கள். சனி, ஞாயிறு தூறலுக்கு வாய்ப்புண்டு.

வாய்ப்புண்டு! எதற்குத்தான் வாய்ப்பில்லை? கறிவேப்பிலை வாங்கப் போன என் மனுசன் கறிவேப்பிலையோடு திரும்பி வருவதற்கும் வாய்ப்புண்டு.

அதைவிட இந்தப் பன்னிரண்டும் நான்கும். ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு கணக்கு. நாளைக்கு "சம்பளம் பன்னிரண்டு, ஏரியோரம் நான்கு" என்பார். நாங்கள் தலையாட்ட வேண்டும்.

குரல் மட்டும் மோசமில்லை. அவசரப்படாத குரல். கெட்டவர்களுக்கும் அப்படி அமைவதுண்டு.

எங்கள் ஆட்கள் மாப்பிள்ளையை விசாரிக்காமல் பெண் கொடுப்பதில்லை. அயலில் கேட்பார்கள், வேலை இடத்தில் கேட்பார்கள், எதிரியிடம் தேடிப் போய்க் கேட்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, தேவையும் இல்லை. பரீட்சைத் தாளை ஆளே வானொலியில் வாசித்துவிட்டார். திருத்துவதற்கு ஒரு ஆள் போதும். என் சித்தி மகன் குலேந்திரன் முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிறான். இந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் நேரே பேசத் தடை, குரல்செய்திதான் போகும். அனுப்பினேன்: "தம்பி, ஏரிப்பக்கம் இண்டைக்கு மழை பெய்யுதோ எண்டு நாளாந்தம் எனக்குச் சொல்லு. ஏனெண்டு கேக்காதை."

ஏன் என்று உடனே கேட்டான். சொன்னேன். இந்நேரம் கனடா முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

குலேந்திரன்: "அக்கா, நேற்று ஒரு சொட்டு மழை இல்லை. ஆள் புழுகன் போலை கிடக்கு."

இரவு பாயாசம் வைத்தேன். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

எதிர்வீட்டு உம்மு ஹானி வந்தா. கீழக்கரைக்காரி. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவ. மூன்று மருமகன்களையும் பற்றி அவவிடம் நல்ல கதையும் உண்டு, கெட்ட கதையும் உண்டு. நல்லதை அவர்கள் முன்னால் சொல்லுவா. நான் கெட்டதைக் கேட்பதற்காகவே தேத்தண்ணி ஊற்றுகிறவள்.

இன்றைக்குக் கதை என் பக்கம் திரும்பிவிட்டது. மழைப் பரீட்சையைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா.

"ஏங்க்கா, புள்ளைக்கு மாப்புள பாக்குறீங்களா, கொடை வாங்கப் போறீங்களா?"

"சொன்ன சொல்லு நிக்குதா எண்டு பாக்க வேண்டாமோ, ஹானி?"

"மழைக்கு அவன் என்னக்கா செய்வான்? என் மூத்த மாப்புள அஞ்சு நிமிசத்துல வர்றேன்னுட்டுப் போனா ராத்திரி இஷா தொழுகைக்குத்தான் வருவான். அவனும் நல்ல மாப்புளதான்."

அது நல்ல மாப்பிள்ளைக்கு உதாரணமா என்று கேட்க நினைத்தேன். வடையை எடுத்துக்கொண்டிருந்தா, விட்டுவிட்டேன்.

பின்னேரம் குலேந்திரன்: "அக்கா, இஞ்சை நல்ல வெயில். ரீசேட்டோடை நிக்கிறன். நாலு டிகிரி எண்டவரோ? அவற்றை ஃப்ரிஜ்ஜுக்குள்ளையோ?"

மனுசனிடம் போட்டுக் காட்டினேன். "பாவம், பெடியன் நல்லாத்தான் கதைக்கிறான்" என்றார்.

"உங்களோடை கதைச்சவரோ?"

"ரெண்டு தரம். அங்கிள் எண்டுதான் கூப்பிடுறான்."

அவ்வளவுதான். ஒரு அங்கிளுக்கு விலை போய்விட்டார். இந்த மனுசனை யாராவது "சேர்" என்று கூப்பிட்டால் என்னையே தூக்கிக் கொடுத்துவிடுவார். எல்லாருக்கும் ஓம், எல்லாவற்றுக்கும் ஓமோம். புகழ்ந்து பேசிக் காரியம் பார்க்கிற ஆண்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். வீட்டில் ஒருவர் போதும், இரண்டாவது வேண்டாம்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று நான் செய்ததை எழுதுவதா? எழுதுகிறேன். ஆரபி என் டயரியை வாசிக்கமாட்டாள். தமிழ் எழுத்தைக் கண்டால் பிள்ளைக்குத் தலையிடி.

மூடுபனி மூடுபனி என்று அரைமணிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். குலேந்திரன் செய்தி: "எங்கை மூடுபனி? தெரு முடிவு வரைக்கும் தெரியுது." முடிவில் ரஜிதன் சொன்னார்: "எங்கள் கணிப்பில் குறை கண்டால் இந்த எண்ணுக்குக் குரல்செய்தி அனுப்புங்கள்."

கேட்டவர் அவர். கொடுக்காமல் விடுவது மரியாதையில்லை.

ஸ்டோருக்குள் போனேன். பிரேக் பேட் பெட்டிகளுக்கு நடுவில் நின்று தொண்டையைச் செருமி, யாழ்ப்பாணத்தில் மிஸ் ஒருத்தி பிரம்போடு படிப்பித்த ஆங்கிலத்தில் பேசினேன். நான் மிஸஸ் தொம்சன். ஏரிக்கரையில் நெடுநாளாக வசிப்பவள். திங்கள் மழை என்றீர்கள், இல்லை. புதன் நான்கு என்றீர்கள், சனங்கள் ரீசேட்டோடு நின்றார்கள். மூடுபனி எங்கே? இளம் மனிதரே, உண்மை பேசுவது ஒரு நல்ல பழக்கம். நன்றி.

அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது என் நடையே வேறாக இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று அரை நாள் வேலை. மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். ஆரபி தன் அறையில், மனுசன் சோபாவில். இயர்போனை ஆபிஸில் விட்டுவிட்டேன். ஃபோனைச் சத்தம் குறைத்து மேசையில் வைத்தேன்.

"ஒரு நேயர் கடுமையான செய்தி அனுப்பியிருக்கிறார், கேளுங்கள்" என்றார் ரஜிதன்.

என் குரல் வந்தது. என் ஃபோனிலிருந்தும் வந்தது, ஆரபியின் அறையிலிருந்தும் வந்தது. ஒன்று மற்றதைவிட அரைச் சொல் பிந்தி. மிஸஸ் தொம்சன், மிஸஸ் தொம்சன். அவவுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று அடித்தது. யாரோ "யல்லா, யல்லா!" என்று கத்தினான். "உண்மை பேசுவது" என்ற இடத்தில் தொழில்பேட்டைப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. அருமையான பாங்கு. முழுவதும் பதிவாகியிருந்தது.

மனுசன் சோபாவில் எழுந்து உட்கார்ந்தார். "இஞ்சரும், உம்மட குரல் மாதிரியே ஒரு வெள்ளைக்காரிக்கு!"

பிறகு ரஜிதன் கதைத்தார். சிரிக்கவில்லை, குழையவும் இல்லை. "மிஸஸ் தொம்சன், திங்கட்கிழமை மழை பெய்தது. துறைமேடையில் நின்று நனைந்தவன் நான். புதன் தண்ணீர் ஓரத்தில் நான்கு டிகிரிதான், நானே அளந்தேன். நேற்றுக் காலை என் காரின் முன்பக்கம் எனக்கே தெரியவில்லை. நீங்கள் எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும். தண்ணீரை விட்டுத் தள்ளி இருந்தால், இந்தக் கணிப்பு உங்களுக்கானது அல்ல. மற்றவர்கள் இன்றிரவு கன்றுகளை மூட மறக்காதீர்கள்."

ஆரபி அறைக்கு வெளியே வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். கோபத்துக்கு என்னிடம் பதில் இருந்தது.

"பிடிக்கேல்லை எண்டால் பிடிக்கேல்லை எண்டு என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே அம்மா. அவர் நனைஞ்சுகொண்டு நிண்டு எனக்கு வீடியோ அனுப்பினவர். நீங்கள் போய் ஊருக்கு முன்னாலை அவரை லயர் எண்டு சொல்லியிருக்கிறியள். அவருக்கு உங்கடை வொய்ஸ் தெரியாது. எனக்குத் தெரியும். நான் இப்ப அவருக்கு என்ன சொல்லுறது?"

"பிள்ளை, குலேந்திரன் மாமா சொன்னவர்—"

"ஞாயிறு ஃபோன் எடுக்கவேண்டாம் எண்டு சொல்லப்போறன். தாங்க்ஸ்."

போய்விட்டாள். இரவு சாப்பிடவில்லை. நான் கேட்டதே இதுதானே? கல்யாணம் நிக்கவேணும் எண்டுதானே இந்த ஆட்டம் ஆடினன். நிண்டுபோச்சு. பிறகேன் எனக்குச் சோறு இறங்கேல்லை? ஐம்பத்து மூண்டு வயசிலை தொம்சனாம் தொம்சன்! மூஞ்சையைப் பார் தொம்சனுக்கு!

ஏப்ரல் 26, சனி

ரஜிதன் கேட்ட கேள்வி என் தலைக்குள்ளேயே நின்றது. எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள்? காசு கட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டு குலேந்திரனை நேரே பிடித்தேன்.

"தம்பி, நீ எங்கை நிண்டு மழை பாத்தனி?"

"வீட்டிலைதான் அக்கா. மார்க்கம் சிற்றியிலை."

"ஏரி?"

"அது வடக்காலை, நல்ல தூரம். கார் ஓடிக் களைச்சுப் போவன் எல்லோ."

"நீ ஒரு நாளும் போகேல்லையோ?"

"எதுக்கு அக்கா? இஞ்சை இருக்கிற வானம்தானே அங்கையும்."

ஒரு கிழமையாக இந்தக் கழுதை தன் குசினி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறான். அதை வைத்து நான் ஒருவனை உலகத்தின் முன்னால் பொய்யனாக்கியிருக்கிறேன்.

இது இவர்கள் குடும்பத் தொழில். எனக்கு மாப்பிள்ளை விசாரிக்க அனுப்பப்பட்டவர் இவனுடைய தகப்பன். போய்வந்து, "ஆள் தங்கம். வாய் திறந்து அதிகம் கதையார்" என்றார். அவர் மகேசனின் ஊருக்குப் போகவே இல்லை, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினவர் என்பது கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்தது. மகேசன் நித்திரையிலும் கதைப்பார்.

ஆனாலும் சொல்லவேண்டும்: குலேந்திரன் பொய் சொன்னதால் நான் நம்பினேன் என்பது பாதிதான். எனக்கு அந்தப் பொய் தேவையாக இருந்தது. உண்மை சொல்லியிருந்தால் வேறு ஒருவனைத் தேடியிருப்பேன்.

ஆரபி முன்னால் போய் நின்றேன். "அவையளுக்குச் சொல்லிட்டியோ?"

"சொன்னனான். மிஸஸ் தொம்சன் ஆர் எண்டும் சொன்னனான்." முகத்தைப் பார்க்கவில்லை. "அவர் ஃபோன் வரும் எண்டுறார். அன்ரியோடை நேரை கதைக்கப்போறாராம்."

குசினிக்குள் போய் மன்னிப்புக் கேட்டுப் பழகத் தொடங்கினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரவு எட்டு மணிக்கு ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம். மனுசன் ஷேட் மாற்றியிருந்தார். படம் தெரியாது, குரல் மட்டும்தான் என்று சொன்னேன். "இருக்கட்டும்" என்றார்.

முதலில் தகப்பன். நல்ல மனிதர், இரண்டு சொல்லோடு விலகிவிட்டார். பிறகு தாய். சுகம் கேட்டு முடிப்பதற்குள் தங்கள் வீடு நாலு பக்கமும் தனியே நிற்கிற வீடு, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியதில்லை என்று எனக்கு அறிவித்தா. பதினாறு தளமும் எல்லாச் சுவரும் ஒட்டிய கட்டடத்தில் இருந்துகொண்டு, "அப்பிடியோ, தனியா இருக்கப் பயமில்லையோ?" என்று கேட்டேன். ஆரபி கண்ணை மூடினாள்.

"அன்ரி, ரஜிதன் கதைக்கிறன்."

நான் மூன்று விதமான மன்னிப்புத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றில் எனக்குக் கடும் நோய்.

"மெசேஜுக்கு தாங்க்ஸ் அன்ரி. நீங்கள் சொன்ன மூண்டு நாளும் நான் சொன்னது சரிதான். அதிலை நான் மாறமாட்டன். ஆனா வெள்ளி இரவு உறைபனி எண்டு சொன்னன், அது பிழைச்சுப்போச்சு. முகில் வந்து மூடிட்டுது. சனம் எல்லாம் பெட்சீற்றாலை கண்டுகளை மூடிப்போட்டு, விடிய எனக்குப் பேச்சு. அதை நீங்கள் கேக்கேல்லை. நானே சொல்லவேணும் எண்டு இருந்தனான்."

குழைவார் என்று பார்த்தேன். இல்லை. "அன்ரி சொன்னதும் சரிதான், ஒரு பக்கம் பார்த்தால்" என்பார் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. என் மனுசனாக இருந்தால் இந்நேரம் ஷார்ஜாவில் பெய்யாத மழையையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தம்பி, ஜூலைக் கடைசியிலை கலியாணம் வைச்சால் அங்கை எப்பிடி? ஆரபி கூறைச்சேலைக்கு மேலாலை ஏதும் போடவேண்டி வருமோ?"

ஆரபி மூடிய கண்ணைத் திறந்தாள்.

"அன்ரி," என்றார் அவர், "ஜூலையைப் பற்றி ஏப்ரலிலை சொல்லுறவன் புழுகன்."

மகேசன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் சிரித்துவிட்டேன். சத்தமாக, அசிங்கமாக, மூக்கால் தண்ணீர் வரும்வரை. பிறகு சொல்லவேண்டியதை ஒழுங்காகச் சொன்னேன்: எனக்குச் சம்மதம், என் மனுசனுக்கும் சம்மதம். அவருக்கு எப்போதும் சம்மதம்தான். தொம்சன் விசயத்துக்கு நான் வெட்கப்படுகிறேன், அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க ஏலாது.

ஆரபி என் முகத்தைப் பார்க்காமல், என் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சம்பந்தம் சரிவந்தது தன்னால்தான் என்று குலேந்திரன் சொல்லித் திரிகிறானாம். கறுமம்.

மே 4, ஞாயிறு

உம்மு ஹானி லிஃப்டில், "என்னாக்கா, இன்னைக்கி ஒரே அனலா இருக்கு" என்றா. "ஓம், ஆனா காத்து மாறுது, பின்னேரம் ஆறு டிகிரிக்கு இறங்கும்" என்றேன். எங்கள் ஏழாம் தளம் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தா. நான் ஏரியோரத்தைத்தான் சொன்னேன்.

மூன்று மணிக்குப் படுக்கையில் சாய்ந்து வாரப் பார்வை கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் மட்டமான கிழமை. திங்கள், செவ்வாய் மழை. புதன் பனிக்கட்டி கலந்த தூறல். வசந்தமாம்! அந்த நாட்டுக்கு வெட்கமே இல்லை. அங்கே போய் ஒரு ஏரிக்கரையில் என் பிள்ளை குடித்தனம் நடத்தப்போகிறாள். சூடு தாங்கி வளர்ந்த உடம்பு.

ஆரபி வந்தாள். பக்கத்தில் சாய்ந்து, என் காதிலிருந்து ஒரு இயர்போனை உருவித் தன் காதில் வைத்தாள். இரண்டு பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு வாரம் முடியும் வரைக்கும் கேட்டோம்.

"அவருக்கு மூக்கடைச்சுப் போச்சு அம்மா. கேக்குதோ?"

கேட்டது. முதல் சொல்லிலேயே கேட்டது.

"மழைக்குள்ளை போய் நிண்டா வராதோ? யன்னலாலை பாத்தா வானம் தெரியாதோ உவருக்கு? மல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு. வேர்க்கொம்பு தட்டிப் போடச் சொல்லு. சுடச்சுடக் குடிக்கச் சொல்லு, ஆறவிட்டுக் குடிச்சால் வேலையில்லை. அவற்றை அம்மாவின்ரை தனி வீட்டிலை மல்லி இருக்குமோ, இல்லை நான் அனுப்பவோ எண்டு கேள்."

ஆரபி அங்கேயே, என் பக்கத்தில் சாய்ந்தபடியே, அவருக்கு ஃபோன் எடுத்தாள்.